கேலக்ஸி ஏ06, ஏ16: வன்னியில் இணையத்துக்கு எந்தப் போன், எந்தச் சிம்?

கிளிநொச்சிக் கடைகளில் சாம்சங்கின் இந்த இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் காட்டுவார்கள். "ஏ16 எடுங்கோ, இன்ரநெட் பறக்கும்" என்பது வழமையான விற்பனைக் கதை. பறக்காது. ஒரே சிம்மை, ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டிலும் போட்டுப் பார்த்தால் வேகத்தில் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க முடியாது. இரண்டும் 4ஜி போன்கள். இலங்கையில் 4ஜிக்குத் தேவையான பாண்ட் (அலைவரிசைப் பட்டை) 1, 3, 8, 40 நான்கும் இரண்டிலும் இருக்கின்றன. ஏ16 க்குக் கூடக் கொடுக்கும் காசு திரைக்கும், சிப்புக்கும், எத்தனை வருடம் அப்டேட் வரும் என்பதற்கும் போகிறது. இணைய வேகத்துக்குப் போகவில்லை. வேகத்தைத் தீர்மானிப்பது நீங்கள் போடும் சிம்மும், உங்கள் வளவிலிருந்து டவர் இருக்கும் தூரமும், இரவு எட்டு மணிக்கு அந்த டவரில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதும்தான். ஆகவே முதலில் சிம்மை முடிவெடுங்கள், பிறகு போனை வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டுப் போனைத் திட்டுகிறார்கள்.

ஏ06 இல் இருப்பது ஹீலியோ ஜி85. 2020 இல் வந்த, 12 நனோமீற்றர் சிப். வட்ஸ்அப், யூரியூப், பிள்ளைகளின் சூம் வகுப்பு எல்லாவற்றுக்கும் தாங்கும். ஆனால் ஹொட்ஸ்பொட் போட்டு ஒரு மணித்தியாலம் மடிக்கணினிக்கு இணையம் கொடுத்தால் சூடேறும். தகரக் கூரைக்குக் கீழே, மத்தியான வெயிலில், இன்னும் கெதியாகச் சூடேறும். சூடேறிய போன் தன்னைக் காப்பாற்றத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். திரை 6.7 அங்குலம், 720 × 1600, 60 ஹேர்ட்ஸ், சாதாரண எல்சிடி. வீட்டுக்குள் குறை சொல்ல ஒன்றுமில்லை. வயலில் நின்று பார்த்தால் கையால் மறைத்துத்தான் வாசிக்க வேண்டும். 4 ஜிபி ராம் உள்ளதை எடுக்காதீர்கள். 6 ஜிபி கிடைத்தால் அதுதான் ஏ06.

ஏ16 இல் ஹீலியோ ஜி99, 6 நனோமீற்றர். சூடு குறைவு, பற்றரி அதே 5000 எம்ஏஎச் என்றாலும் கொஞ்சம் கூட நிற்கும். திரை 1080 × 2340 சூப்பர் அமொலெட், 90 ஹேர்ட்ஸ். வெயிலில் தெரிகிறது. ஐபி54 தரம் இருப்பதால் செம்மண் புழுதியும் மழைத் தூறலும் பயமில்லை. குளத்தில் விழுத்தினால் அந்தத் தரம் காப்பாற்றாது. ஆறு அண்ட்ரொய்ட் பதிப்புகள் தருவதாக நிறுவனம் சொல்கிறது. ஏ06 க்கு இரண்டுதான். ஐந்து வருடம் ஒரே போனை வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம், ஏனென்றால் வங்கிச் செயலிகள் பழைய அண்ட்ரொய்ட்டைக் காலப்போக்கில் கைவிட்டுவிடும். கமெரா இரண்டிலும் பகல் வெளிச்சத்தில் நல்லது, இரவில் சுமார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் ஏ16 இல் ஒரு குறை இருக்கிறது, அது வன்னிக்கென்றே செய்தது போன்ற குறை. அதன் சிம் தட்டில் இரண்டே இடங்கள். இரண்டாவது சிம் போட்டால் மெமரி காட் போட முடியாது, மெமரி காட் போட்டால் இரண்டாவது சிம் இல்லை. ஏ06 இல் இரண்டு சிம்முக்கும் ஒரு மெமரி காட்டுக்கும் தனித்தனி இடம். கொழும்பில் இது ஒரு சின்னச் சங்கதி. ஏ9 வீதியோரத்தில் ஒரு கொம்பனி நன்றாக இழுக்கும், முத்தையன்கட்டுப் பக்கமோ துணுக்காய்ப் பக்கமோ உள்ளே போனால் மற்றக் கொம்பனிதான் கைகொடுக்கும் என்ற நிலையில் வாழ்பவர்களுக்கு இரண்டு சிம் ஆடம்பரம் அல்ல. ஆகவே ஏ16 எடுப்பதென்றால் 128 ஜிபியோடு நிற்காமல் 256 ஜிபி கிடைக்கிறதா என்று கேளுங்கள். மெமரி காட்டை மறந்துவிடலாம்.

இப்போது கடைகளில் ஏ07 உம் வந்துவிட்டது. அதில் ஜி99 சிப்பும் ஐபி54 உம் இருக்கின்றன, திரை மட்டும் 720 தான். ஏ06 க்கும் அதற்கும் விலை வித்தியாசம் சின்னதென்றால் யோசிக்க வேண்டாம், ஏ07 தான். வாங்கும் முன் தட்டை வெளியே இழுத்து எத்தனை இடம் என்று கண்ணால் பாருங்கள். ஏ16 இன் 5ஜி வகைக்குக் கூடக் காசு கொடுப்பது வன்னியில் வீண். 5ஜிக்குரிய 3500 மெகாஹேர்ட்ஸ் அலை தூரம் போகாதது, மரத்தையும் சுவரையும் தாண்டத் திணறுவது. டவருக்கும் டவருக்கும் இடையில் கிலோமீற்றர் கணக்கில் காடும் குளமும் வயலும் கிடக்கும் ஊருக்கு அது கடைசியாகத்தான் பயன்படும்.

அலை எப்படிப் போகிறது என்பதைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால் மிச்சமெல்லாம் இலகு. இங்கே 4ஜியின் முதுகெலும்பு பாண்ட் 3, அதாவது 1800 மெகாஹேர்ட்ஸ். தூரத்துக்குப் பாண்ட் 8, 900 மெகாஹேர்ட்ஸ். அலைவரிசை இரட்டித்தால் வெட்டவெளியில்கூட 6 டெசிபெல் இழப்பு, அதாவது வந்து சேரும் வலு நாலில் ஒன்றாகிறது. நடுவில் பாலை மரமும் முதிரை மரமும் அடர்ந்து நின்றால் இன்னும் குறையும். அதனால்தான் ஊருக்குள்ளே போகப் போகப் போன் தானாகவே 900 க்கு இறங்குகிறது. சிக்னல் கோடு நாலும் நிற்கும், வேகம் வராது. காரணம், 900 இல் கொம்பனிகளிடம் இருக்கும் அலைவரிசை ஒடுக்கமானது. 20 மெகாஹேர்ட்ஸ் அகலமான ஒரு 4ஜி அலை உச்சமாக 150 எம்பிபிஎஸ் (செக்கனுக்கு மெகாபிட்) தரும் இடத்தில், 5 மெகாஹேர்ட்ஸ் அகலம் கிட்டத்தட்ட 37 தான் தரும். அதுவும் ஒருவருக்கு அல்ல, டவரின் அந்தப் பக்கத்தில் இருக்கும் அத்தனை வீட்டுக்கும் சேர்த்து. ஒடுங்கிய ஒழுங்கையில் எல்லா உழவு இயந்திரமும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன ஆகுமோ அதுதான் இரவு எட்டு மணிக்கு நடக்கிறது.

சரி, உங்கள் வளவில் எது வருகிறது என்று எப்படிப் பார்ப்பது? கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பதை ஒவ்வொரு போனும் தன் பாட்டில் முடிவெடுக்கிறது. சாம்சங் போனில் அழைப்புப் பலகையைத் திறந்து *#0011# என்று அடியுங்கள். அடித்து முடித்ததும் பச்சைப் பொத்தானை அழுத்தாமலே ஒரு திரை திறக்கும். அதில் பாண்ட் எண், அலைவரிசையின் அகலம், ஆர்எஸ்ஆர்பி (வந்து சேரும் அலையின் வலு), எஸ்என்ஆர் எல்லாம் இருக்கும். வேறு போன்களில் *#*#4636#*#* அடித்துப் பாருங்கள். ஐபோனில் *3001#12345#* அடித்துப் பச்சைப் பொத்தான். எதுவும் வேலை செய்யாவிட்டால் அண்ட்ரொய்ட்டில் நெட்மொன்ஸ்டர் என்ற இலவசச் செயலி போதும். அது பாண்ட்டுக்குப் பதில் அலைவரிசை இலக்கத்தை (இஏஆர்எஃப்சிஎன், இது மெகாஹேர்ட்ஸ் அல்ல) மட்டும் காட்டினால், 1200 க்கும் 1949 க்கும் இடைப்பட்டது பாண்ட் 3, 3450 இலிருந்து 3799 வரை பாண்ட் 8, 599 வரை பாண்ட் 1.

ஆர்எஸ்ஆர்பி எப்போதும் மைனஸில் வரும். மைனஸ் 85 ஐ விட நல்லதென்றால் டவர் கிட்ட. மைனஸ் 100 வரை பயமில்லை. மைனஸ் 110 க்குக் கீழே போனால் வட்ஸ்அப் குரல் அழைப்பு வெட்டி வெட்டிக் கேட்கும். மைனஸ் 120 இல் போன் டவரைத் தேடித் தேடியே பற்றரியைத் தின்றுவிடும். "புதுப் போன், பின்னேரத்துக்குள் பற்றரி முடியுது" என்ற முறைப்பாடுகளில் கணிசமானவை இந்தச் சங்கதிதான். எஸ்என்ஆர் என்பது அலை எவ்வளவு தெளிவாக வருகிறது என்பதற்கான அளவு. 20 நல்லது, 10 பரவாயில்லை, 0 அல்லது மைனஸ் என்றால் இரண்டு டவரின் அலை ஒன்றுடன் ஒன்று மோதுகிறது. வலு நன்றாக இருந்தும் தெளிவு இல்லையென்றால் வேகம் வராது. இரண்டு டவருக்கும் நட்ட நடுவில் இருக்கும் வீடுகளில் இதுதான் பிரச்சினை. அங்கே போனை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒரு டவரின் பக்கம் திறந்திருக்கும் விறாந்தையில் உட்கார்ந்தாலே வித்தியாசம் தெரியும். நெட்மொன்ஸ்டரில் டிஏ என்று ஓர் எண் வந்தால் அதை 78 ஆல் பெருக்குங்கள், டவரின் தூரம் மீற்றரில் வரும். 60 என்றால் 4.7 கிலோமீற்றர். சில போன்கள் இந்த எண்ணைக் காட்டாது.

இந்தப் பார்வையை வீட்டின் நடு அறையில் ஒருக்கா, முற்றத்தில் ஒருக்கா, ஒவ்வொரு கொம்பனிச் சிம்முடனும் செய்யுங்கள். இதற்காகச் சிம் வாங்க வேண்டியதில்லை. அயலில் யாரிடமாவது மூன்று கொம்பனிச் சிம்மும் இருக்கும்: 077, 076, 074 என்றால் டயலொக், 071, 070 என்றால் மொபிட்டெல், 078, 072 என்றால் ஹட்ச். 075 எயார்டெல், அது 2024 இல் டயலொக்குடன் இணைந்துவிட்டது, தனியாகப் பார்க்கத் தேவையில்லை. தகரக் கூரை உள்ள வீட்டில் உள்ளுக்கும் வெளிக்கும் 10 டெசிபெல் வித்தியாசம் வருவது சாதாரணம். பத்து டெசிபெல் என்றால் பத்தில் ஒன்று.

இனி வேகம் பார்ப்பது. முதலில் வைஃபையை நிறுத்துங்கள். கடைகளில் போனைக் காட்டும்போது "பாருங்கோ எவ்வளவு ஸ்பீட்" என்று காட்டுவது பல வேளைகளில் கடையின் ஃபைபர் இணைப்பின் வேகம். விபிஎன் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அமைப்புகளில் டேட்டா சேமிப்பு முறையும் பற்றரி சேமிப்பு முறையும் நிறுத்தியிருக்க வேண்டும். பின்னால் ஓடும் பிளே ஸ்டோர் அப்டேட்டை நிறுத்துங்கள்; புதுப் போனில் முதல் நாள் முழுக்க அதுதான் டேட்டாவை இழுக்கும். விமான முறையை ஒரு தரம் போட்டு எடுத்தால் போன் டவரைப் புதிதாகத் தேடிப் பிடிக்கும்.

ஊக்லாவின் ஸ்பீட்டெஸ்ட் செயலியைத் திறந்தால் கிட்ட இருக்கும் சேர்வரைத் தானாகத் தெரிவு செய்யும், பெரும்பாலும் உங்கள் கொம்பனியுடையதே. அதில் வருவது உங்கள் போனுக்கும் அந்தக் கொம்பனிக்கும் இடையிலான வேகம், அவ்வளவுதான். சேர்வர் பெயரைத் தொட்டுச் சிங்கப்பூரில் ஒன்றைத் தெரிந்து மறுபடி ஓட்டுங்கள். கனடாவில், சுவிஸில், லண்டனில் இருக்கும் பிள்ளைகளுடன் கதைக்கும்போது அழைப்பு இந்தத் தீவை விட்டு வெளியேறித்தானே போக வேண்டும். உள்ளூர்ச் சேர்வரில் நன்றாக வந்து, சிங்கப்பூரில் விழுந்தால் பிழை டவரில் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் நடத்தும் ஃபாஸ்ட் தளம் இன்னும் எளிது. திறந்தவுடன் தானாக ஓடும், தன்னுடைய வீடியோச் சேர்வர்களிலிருந்து இறக்கிப் பார்க்கும். வீடியோவுக்கு அது உண்மைக்குக் கிட்ட. ஏற்றும் வேகத்தைப் பார்க்க "மேலும் விபரம்" என்பதைத் தொட வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் வைத்திருக்கலாம் என்றால் ஊக்லா, சேர்வரை மாற்ற முடிவதால்.

வரும் எண் எம்பிபிஎஸ், மெகாபிட். கோப்பு இறங்கும் வேகம் மெகாபைட். எட்டால் பிரிக்க வேண்டும். 16 எம்பிபிஎஸ் என்றால் செக்கனுக்கு 2 எம்பி. இதைத் தெரியாமல் "16 எண்டு காட்டுது, 2 தான் இறங்குது, கொம்பனி ஏமாத்துது" என்று சண்டைக்குப் போவோர் உண்டு.

சோதனை இலவசமில்லை என்பதையும் கவனியுங்கள். 30 எம்பிபிஎஸ் வேகத்தில் பத்துச் செக்கன் இறக்கினால் 37.5 எம்பி போய்விடும். ஏற்றும் பகுதியையும் சேர்த்தால் ஒரு சோதனைக்கு 50 எம்பி வரை. யூரியூப்புக்கு மட்டும், வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று போட்ட பேக்கேஜில் இந்தச் சோதனை அடங்காது. பேக்கேஜ் அப்படியே இருக்க, ரீலோட் காசு கரைந்துவிடும். பொது டேட்டா இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள்.

எப்போது ஓட்டுவது என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். காலை பத்து மணிக்கு வரும் எண் ஒன்றுக்கும் உதவாது. இரவு ஏழரைக்கும் பத்துக்கும் இடையில், நீங்கள் உண்மையில் இருந்து பாவிக்கும் கதிரையில், மூன்று தரம் ஓட்டி நடு எண்ணை எடுங்கள். அதே இடத்தில் விடிய ஐந்து மணிக்கு ஒரு தரம். விடிய 25, இரவு 2 என்றால் சிக்னலில் பிரச்சினையில்லை, டவரில் நெரிசல். அங்கே மற்றக் கொம்பனிச் சிம்தான் மருந்து. விடியவும் 2, இரவும் 2 என்றால் தூரம் அல்லது பாண்ட். இடத்தை மாற்றுங்கள், அல்லது கூரைக்கு மேல் அன்ரெனா வைக்கக்கூடிய ரவுட்டருக்குப் போங்கள். இரவு நேர டேட்டா என்று பேக்கேஜோடு தாராளமாகக் கொடுப்பதும் நள்ளிரவுக்குப் பிறகு டவர் சும்மா இருப்பதால்தான். பெரிய கோப்புகளை, பாட வீடியோக்களை அப்போது இறக்குங்கள்.

எவ்வளவு வந்தால் போதும்? யூரியூப் 480 க்கு 1.1 எம்பிபிஎஸ், 720 க்கு 2.5, 1080 க்கு 5. சூமில் இருவர் கதைப்பதற்கு 0.6, தெளிவான 720 க்கு 1.2, இது ஏற்றும் பக்கமும் வேண்டும். பிள்ளை வகுப்பில் கதைக்கும்போது குரல் வெட்டுப்பட்டால் இறக்கும் வேகத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. தூரத்து வீடுகளில் முதலில் விழுவது ஏற்றும் வேகம். டவர் பெரிய வலுவோடு அனுப்பும், உங்கள் போனால் அவ்வளவு தூரம் கத்த முடியாது. பிங், அதாவது தகவல் போய்த் திரும்பி வரும் நேரம், 100 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் அழைப்பு வடிவாக இருக்கும். அதைவிட முக்கியம் அது நிலையாக இருப்பது. 40, 300, 60, 500 என்று ஆடினால் 20 எம்பிபிஎஸ் வந்தும் அழைப்பு இழுபடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் வேகம் வராவிட்டால் பார்க்க வேண்டிய இடங்கள் சில. சிம் பழையதா? 3ஜி காலத்துக்கு முந்திய சிம் 4ஜியில் ஏறாது, அடையாள அட்டையுடன் கொம்பனியின் சேவை நிலையத்தில் அதே இலக்கத்துக்குப் புதுச் சிம் எடுக்க வேண்டும். இரண்டு சிம் போட்டிருந்தால் டேட்டா எந்தச் சிம்மில் என்று அமைப்புகளில் பாருங்கள். ஒன்றில் பேக்கேஜ், மற்றதில் டேட்டா என்று நிற்பது அடிக்கடி நடக்கிறது. ஒரு சிம்மில் அழைப்பு வந்தால் மற்றச் சிம்மின் டேட்டா நின்றுவிடுவது பழுது அல்ல, இந்த விலைப் போன்களின் இயல்பு. வோல்ட்டி (4ஜியிலேயே அழைப்பு எடுக்கும் வசதி) பொத்தான் அணைந்திருந்தால் அழைப்பு வரும்போது போன் 4ஜியை விட்டுக் கீழே இறங்கும், இணையம் அறும், அழைப்பு முடிந்த பிறகும் ஏறி வர நேரமெடுக்கும். கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் சிக்னலும் போனால் அது டவரின் பற்றரி தீர்ந்தது. உங்கள் போனை நிறுத்திப் போடுவதால் வராது.

வெளிநாட்டிலிருந்து வரும் போன்களுக்குத் தனியாக ஒரு சொல். அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் 14 இலிருந்தே சிம் தட்டே கிடையாது, ஐபோன் 17 இல் கனடாவிலும் வளைகுடாவின் பல நாடுகளிலும் அப்படித்தான், ஈசிம் (போனுக்குள்ளேயே இருக்கும் சிம்) மட்டும். அனுப்ப முன் சொல்லிவிடுங்கள். ஐரோப்பாவில் வாங்கிய புதுச் சாம்சங்கில் அந்தப் பிராந்தியச் சிம்முடன் முதலில் ஐந்து நிமிடம் கதைத்துத் திறக்க வேண்டிய வகைகள் உண்டு, பெட்டியிலேயே எழுதியிருக்கும். அங்கேயே திறந்து அனுப்பச் சொல்லுங்கள். வட அமெரிக்க மலிவுப் போன்களில் பாண்ட் 3 உம் 8 உம் இல்லாதவை இருக்கின்றன. அவை இங்கே வந்தால் புகைப்படம் எடுக்கத்தான்.

உள்ளூரில் வாங்கினாலும் காசு கொடுக்க முன் *#06# அடித்து ஐஎம்இஐ (போனின் தனி அடையாள எண்) இலக்கத்தை எடுங்கள். பெட்டியில் உள்ள இலக்கமும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு ஐஎம்இஐ என்ற நாலு எழுத்தையும் ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 15 இலக்கங்களையும் போட்டு 1909 க்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். 2025 ஜனவரி 28 இலிருந்து பதிவில்லாத புதுப் போன்களுக்கு இணைப்பு இல்லை என்று ஆணைக்குழு அறிவித்திருப்பதால், மலிவாகக் கிடைக்கும் பெட்டியில்லாப் போனில் கை வைக்காதீர்கள். இரண்டு சிம் போனுக்கு இரண்டு இலக்கம், இரண்டையும் அனுப்ப வேண்டும். பதில் வரும் வரை கடையில் நில்லுங்கள். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்று அந்த நேரத்தில் பார்க்கலாம். இரண்டு போனும் 25 வாட்ஸ் வரை ஏற்றும், ஆனால் சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டி வரலாம். ரசீதில் போனின் பெயரோடு ஐஎம்இஐ இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உத்தரவாதத்துக்குப் போகும்போது அந்தத் துண்டு வெறும் துண்டுதான்.